பாலத்துச் சுங்கக்காரன் பார்வையில் இடைக்கால ரோல்பிளே

இடைக்கால ரோல்பிளே சர்வர்களில், அதாவது பலர் இணையத்தில் கூடி ஆளுக்கொரு பாத்திரமாகவே பேசி ஆடும் கணினி ஆட்டக் களங்களில், மாவு அரைக்க ஆள் கிடைக்காது. நாட்டை இழந்த இளவரசர்கள் மட்டும் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். மீதிப் பேர், குடும்பம் மொத்தத்தையும் கொள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்துவிட்டு முக்காடு போட்டுத் திரியும் கூலிக் கொலையாளிகள். ஒவ்வொருவரும் தன் சோகக் கதையைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பார். காலையில் என்ன சாப்பிட்டீர், யாருக்கு வாடகை கட்டுகிறீர் என்று கேட்டால் பதில் வராது.

நான் ஆடுவது வாட் என்ற சுங்கக்காரனை. ஆற்றுப் பாலத்தின் ஒரு முனையில் நின்று வண்டிக்கு அரைப் பென்னி, பொதிக் குதிரைக்குக் கால் பென்னி வாங்குவது அவன் வேலை. ஒரு முழங்கால் சரியாக மடங்காது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆயர்மேல் (பிஷப்) பக்தி, ஆயரின் கணக்குப்பிள்ளைமேல் பயம். பூர்வ கதை இவ்வளவுதான். ஊருக்குள் போகிற எவனும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் கதை தானாக அவனிடம் வந்து சேர்கிறது.

ஒரு பாத்திரத்தை நம்ப வைப்பது அதன் வாளோ வசனமோ இல்லை. அதற்கு என்ன தெரியாது, எங்கே போக முடியாது, யாரைக் கண்டால் நடுங்கும் என்பதுதான். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எந்த வருஷம் என்று கேளுங்கள்

ஐரோப்பாவில் இடைக்காலம் என்றால் ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை, ஆயிரம் வருஷம். 1066-இல் ஹேஸ்டிங்ஸில் சண்டை போட்டவன் மாட்டியிருந்தது சங்கிலிக் கவசம். தலை முதல் கால்வரை பளபளக்கும் தகட்டுக் கவசம் 15-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். இரண்டு பேரும் ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஏதோ சரியில்லை என்று வரலாறு படிக்காதவனுக்கும் தோன்றும். சர்வரில் சேரும் முன் அதை நடத்தும் அட்மினிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இங்கே இப்போது எந்த வருஷம் என்பதுதான். ‘சும்மா பொதுவா மிடீவல்’ என்று பதில் வந்தால் நீங்களே ஒரு முப்பது வருஷத்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் பாத்திரத்தை அதற்குள் நிறுத்துங்கள்.

நாங்கள் ஆடும் மாவட்டம் கற்பனைதான். ஆனால் வழக்கமெல்லாம் 1360-கள் வாக்கிலான இங்கிலாந்து. அந்தக் காலத்தில் கதை கொட்டிக் கிடக்கிறது. 1348-இல் அங்கே நுழைந்த பிளேக், மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர்களுக்குக் கிராக்கி. கூலி ஏறியது. ஏறக்கூடாது என்று 1351-இல் சட்டம் போட்டார்கள்: தலைமைத் தச்சனுக்கு நாளுக்கு 3 பென்னி, மற்ற தச்சனுக்கு 2 பென்னி, அதற்கு மேல் வாங்கினாலும் கொடுத்தாலும் குற்றம். சர்வரில் இதை அப்படியே கொண்டுவந்தோம். மறுநாளே, கூரை ஒழுகும் ஒரு வியாபாரி, தச்சனுக்கு 2 பென்னியோடு ஒரு மூட்டை பார்லியும் இருட்டில் கைமாற்றிவிடுவதாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். டிராகன் எதற்கு?

பெயரும் காலத்தோடு சேர்ந்ததுதான். அக்கால இங்கிலாந்தில் ஜான், வில்லியம், தாமஸ், ராபர்ட், ரிச்சர்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பெயர்களையே ஊரெல்லாம் வைத்துக்கொண்டது. அதனால் தச்சன் ஜான், பாலத்தடி ஜான், செம்பட்டை ஜான் என்று ஒட்டு வைத்துக் கூப்பிட்டார்கள். ‘ஷேடோபிளேட்’ என்று தலைமேல் பெயர் மிதக்க வருகிறவரை நான் ‘கறுப்புக் குல்லாய்க்காரரே’ என்றுதான் அழைப்பேன். கொஞ்ச நாளில் அதுவே ஊர்ப்பெயராக நிலைத்துவிடும்.

பாத்திரத்துக்கு முன் நான்கு கேள்வி

யாருக்குக் கட்டுப்பட்டவன்? யாருக்குக் கடன்பட்டவன்? எதற்குப் பயப்படுகிறான்? எது தெரியாது? இந்த நாலுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் இருந்தால் போதும், ஆடத் தொடங்கிவிடலாம். குழந்தைப் பருவம், மச்சம், கனவில் வரும் குரல் எல்லாம் ஆட ஆட வரட்டும்.

முதல் கேள்விதான் ரொம்ப முக்கியம். இடைக்காலத்தில் தனி மனிதன் என்று ஒருவன் லேசில் கிடையாது. பண்ணையடிமைக்குப் பிரபு, தொழில் பழகும் பையனுக்கு ஆசான், துறவிக்கு மடாதிபதி, பிரபுவுக்கு அரசர், அரசருக்கே திருச்சபை. ‘நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை’ என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் வருகிறவன் அன்றைக்கு வீரனாகத் தெரியமாட்டான், திருடனாகத்தான் தெரிவான். எங்கள் வாயிற்காவலர்கள் அப்படித்தான் நடத்துவார்கள். புதிதாக வருபவர்களுக்குக் கோபம் வரும். அப்புறம் ஒரு தையற்காரரிடம் கையாளாகச் சேர்ந்துவிட்டு நிம்மதியாகத் திரிவார்கள்.

சுதந்திரமாகத் திரியும் பாத்திரம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது, பண்ணையை விட்டு ஓடிவந்தவனாக ஆடுங்கள். நகர உரிமை பெற்ற பல ஊர்களில், ஓடிவந்த பண்ணையடிமை ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் விடுதலை. சர்வர் நாட்காட்டியில் அந்தக் கெடுவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

பேச்சு

தமிழில் ஆடும் குழுக்களில் எல்லாரும் சறுக்கும் இடம் இது. வாயைத் திறந்தால் நாடக மேடை:

‘ஓ வீரத் திருமகனே! எளியேனின் சாவடிக்கு எழுந்தருளியமைக்குச் சிரம் தாழ்ந்த வணக்கங்கள்!’

ஐந்து நிமிஷம் கேட்கலாம். அதற்கப்புறம் எழுதுகிறவருக்கும் மூச்சு முட்டும், படிக்கிறவருக்கும். சுங்கக்காரன் அப்படிப் பேசுவானா? வாட் பேசுவது இப்படி:

‘யாரது? விளக்கில்லாமல் வருகிறவன் இரட்டைக் காசு. முகத்தைக் காட்டும்.’

எளிய எழுத்துத் தமிழ் போதும். சேர்ப்பதைவிட நீக்குவதில் கவனம் வையுங்கள். ஓகே, டென்ஷன், பிளான், ஸாரி, ஐடியா, இதெல்லாம் போனாலே பாதி வேலை முடிந்தது. மீதி பாதிக்கு நீ, நீர், தாங்கள் என்ற மூன்றையும் பயன்படுத்துங்கள். அந்தஸ்தைக் காட்ட இதைவிட நல்ல கருவி கிடையாது. கீழே இருப்பவனுக்கு நீ, சமமானவனுக்கோ பிடிக்காதவனுக்கோ நீர், பிரபுவுக்குத் தாங்கள். ஒருமுறை வாட் ஒரு குதிரைவீரரிடம் ‘தாங்கள்’ என்று தொடங்கி, அவர் காசு கொடுக்க மறுத்ததும் ‘நீர்’ என்று இறங்கினான். அடுத்த வரியில் எதிராளி வாளின் பிடியில் கை வைத்துவிட்டார். வசவு ஒன்றும் தேவைப்படவில்லை.

நேரம் சொல்வதில் கவனமாக இருங்கள். ‘பத்து நிமிஷத்தில் வருகிறேன்’ என்று பண்ணையாள் சொல்ல முடியாது. 14-ஆம் நூற்றாண்டில் பெரிய தேவாலயங்களிலும் நகரங்களிலும் இயந்திரக் கடிகாரம் வரத் தொடங்கிவிட்டது உண்மைதான். சால்ஸ்பரி தேவாலயக் கடிகாரம் 1386 வாக்கைச் சேர்ந்தது. ஆனால் சாதாரண ஜனங்களின் நாள் தேவாலய மணியோடும் சூரியனோடும்தான் நகர்ந்தது. விடியல் மணி, உச்சிவேளை மணி, மாலை மன்றாட்டு மணி, அப்புறம் அடுப்பை மூடச் சொல்லும் ராத்திரி மணி. சின்ன இடைவெளியைச் சொல்ல வேண்டுமானால் ஜெபத்தால் அளந்தார்கள். ‘பரலோக மந்திரம் மூன்று தடவை சொல்வதற்குள் வருகிறேன்’ என்றால் எல்லாருக்கும் புரியும், சூழலும் கெடாது. தூரத்துக்கும் இதே கதைதான்: ‘ஒரு நாள் நடை’, ‘அரை நாள் சவாரி’.

தெரியாததைத் தெரியாமலே வைத்துக்கொள்வது

திரைக்கு வெளியே உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் பாத்திரம் பயன்படுத்தினால் அது மெட்டாகேமிங். விதி எல்லாருக்கும் தெரியும், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். தலைமேல் பெயர் மிதக்கிறது. ஆட்டக்காரர்கள் அரட்டையடிக்கும் டிஸ்கார்ட் தளத்தில் ‘வடக்குக் கோட்டை விழுந்தது’ என்று அறிவிப்பு வந்துவிட்டது. பக்கத்து அறையில் சதி நடப்பது சாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனையையும் பார்த்துவிட்டுப் பாலத்தில் ஒன்றும் தெரியாதவனாக நிற்க வேண்டும்.

‘தெரியாத மாதிரி நடி’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது உதவாது. நான் செய்வது வேறு. வாட்டுக்கென்று ஒரு நோட்டு. அதில் அவனுக்குத் தெரிந்தது, யார் சொல்லித் தெரிந்தது, எப்போது என்று மூன்று பத்தி. நோட்டில் இல்லாதது அவன் மண்டையிலும் இல்லை. வடக்குக் கோட்டை விழுந்தது என்று எழுத வேண்டுமானால், யாராவது பாலத்துக்கு வந்து அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

செய்தி எவ்வளவு வேகமாக வரும்? குதிரையை மாற்றாமல் போகிறவன் ஒரு நாளில் சுமார் 50 கிலோமீட்டர் போவான். நடப்பவன் 25 அல்லது 30. கோட்டை 150 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வேகமான செய்தியே மூன்றாம் நாள்தான். அதுவும் முதலில் வரும் வதந்தி பாதி பொய்யாக இருக்கும். எங்கள் சர்வரில் ஒருவர், வரும் அகதிகளிடம் வேண்டுமென்றே ஆளுக்கொரு பொய் சொல்லி அனுப்புவார். பிரபு இறந்துவிட்டார் என்று ஒருவன் வருவான், பிடிபட்டார் என்று அடுத்தவன், அவரே விலைபோய்விட்டார் என்று மூன்றாமவன். ஊர் இரண்டுபட்டுப் போகும். டிஸ்கார்ட் அறிவிப்பைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே உண்மையைப் பேசியிருந்தால் அந்தச் சாயங்காலமே இருந்திருக்காது.

எழுத்தறிவும் இதில் சேர்த்தி. பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரையிட்ட கடிதம் ஒன்று வாட்டிடம் வந்தால் அவன் அதைத் தூக்கிக்கொண்டு பங்குக் குருவிடம் ஓட வேண்டும். படிப்பது அவர் என்பதால் விஷயம் அவருக்கும் தெரிந்துவிடும். அவர் ஒரு வரியை விழுங்கிவிட்டுப் படித்தாலும் வாட்டுக்குத் தெரியாது. படிக்கத் தெரியாதவனாக ஆடுவதன் சுகமே இதுதான்.

கணக்குக்கு என்ன செய்வான் என்று கேட்கிறீர்களா? வெட்டுக்குறிக் குச்சி இருக்கிறது. ஒரு குச்சியின் குறுக்கே தொகைக்கேற்ப அகலமும் ஆழமும் மாறும் வெட்டுகள் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கொடுத்தவனுக்கு ஒரு பாதி, வாங்கியவனுக்கு ஒரு பாதி. இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஏமாற்ற ஒரு பாதியில் கூடுதலாக வெட்டினால் மற்றப் பாதி காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலாந்தின் அரசுக் கருவூலமே 1826 வரை இந்தக் குச்சிகளை வைத்திருந்தது. 1834-இல் பழைய குச்சிகளை எரிக்கப்போய் பாராளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. எங்கள் ஆட்டத்தில் இதற்கென்று பொருள் கிடையாது, அதனால் சாதாரண மரக்கட்டைக்குப் பெயர் மாற்றிப் பயன்படுத்துகிறோம். கணக்குப்பிள்ளை வந்து, ‘உன் பாதியை எடு’ என்று கையை நீட்டும்போது வாட் அதைத் தேடும் தேடல் இருக்கிறதே, அதற்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு.

இமோட் எழுதும்போது

எழுத்துச் சாட்டில் செயலை விவரிக்கும் வரிதான் இமோட். நெவர்வின்டர் நைட்ஸ் என்ற பழைய கணினி ஆட்டத்தின் காலத்திலிருந்து இன்றைய மைன்கிராஃப்ட் சர்வர் வரை உயிர்நாடி இதுதான். குரல் சாட் உள்ள இடங்களிலும் எழுத்தையே நான் விரும்புவேன். குரலில் நடிப்பு கொஞ்சம் பிசகினாலும் சிரிப்பு வந்துவிடும்.

விதி ஒன்றே: எதிராளியின் உடம்பு உங்களுடையதல்ல. முயற்சியை எழுதுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள்.

மோசமானது: ‘கண்ணிமைக்கும் நேரத்தில் சுங்கக்காரனின் பின்னால் வந்து, அவன் கழுத்தை அறுக்கிறான். சுங்கக்காரன் பயத்தில் உறைந்து விழுகிறான்.’

இதில் எனக்கு வேலையே இல்லை. செத்தும் போனேன், பயந்தும் போனேன், இரண்டையும் அவரே செய்துவிட்டார். இதைத்தான் பவர்கேமிங் என்கிறோம்.

பரவாயில்லாதது: ‘வாளால் சுங்கக்காரனைத் தாக்க முயல்கிறான்.’

நல்லது: ‘பேசிக்கொண்டே பணப்பெட்டிப் பக்கம் ஓர் அடி வைக்கிறான். ஈரப் பலகை கிறீச்சிடுகிறது. மேலங்கிக்குள் போன வலக்கை வெளியே வரவில்லை.’

இந்தக் கடைசி உதாரணத்தைப் பாருங்கள், எதிராளி பிடித்துக்கொள்ள மூன்று கொக்கிகள். பலகைச் சத்தத்தை வாட் கேட்கலாம். கையைக் கவனிக்கலாம். எதையும் கவனிக்காமல் கடந்த வாரச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கலாம். மூன்றுமே நல்ல கதை. அதோடு, கண்ணால் காணக்கூடியது மட்டும்தான் அதில் இருக்கிறது. ‘மனதுக்குள் பழிவாங்கும் நெருப்பு எரிய’ என்று எழுதினால் எதிரில் இருப்பவர் அதை எப்படிப் பார்ப்பார்? தாடை இறுகுவதை எழுதலாம்.

நீளத்தில் அளவு வேண்டும். இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. ஐந்து பேர் நிற்கும் இடத்தில் ஒருவர் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்தால், மற்ற நாலு பேரும் அவர் தலைமுடி காற்றில் அலையும் வர்ணனை முடியும்வரை கைகட்டி நிற்க வேண்டியிருக்கும்.

காசும் சோறும்

பொற்காசுகளை அள்ளி வீசுவதை நிறுத்துங்கள். இங்கிலாந்துக் கணக்கு: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அன்றைக்கு ஷில்லிங்கும் பவுண்டும் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருந்தன, நாணயமாக இல்லை. கையில் பெரும்பாலும் புழங்கியது வெள்ளிப் பென்னியும் அதன் அரையும் காலும். 1344-இல் வந்த நோபிள் என்ற தங்கக் காசின் மதிப்பு 80 பென்னி. தலைமைத் தச்சனுக்கு அது ஏறக்குறைய 27 நாள் கூலி. ஒரு குவளை மதுவுக்கு நோபிளை மேசையில் எறிகிறவனைப் பார்த்தால் விடுதிக்காரி நன்றி சொல்லமாட்டாள். எங்கே திருடினாய் என்று கேட்பாள். எங்கள் விடுதிக்காரி கேட்பார், கதவையும் சாத்திவிடுவார்.

சாப்பாட்டில் அமெரிக்காவிலிருந்து வந்ததெல்லாம் கூடாது: உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம், சாக்லேட், புகையிலை. 1492-க்கு முன் ஐரோப்பாவில் இவற்றை யாரும் பார்த்ததில்லை. காபி, தேநீரும் அங்கே கிடையாது. ஆட்டத்திலேயே உருளைக்கிழங்கு விளைகிறது என்றால் டர்னிப் என்று சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். தண்ணீரே குடிக்காமல் பீர் மட்டும் குடித்தார்கள் என்பது கட்டுக்கதை. நல்ல கிணறு இருந்தால் தண்ணீர் குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்பதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் முழுக்கவும் கூடாது. தவக்காலத்தில் முட்டையும் பாலும்கூடக் கிடையாது. இதை எங்கள் சர்வரில் கண்டிப்பாக்கியதும், யாரும் சீண்டாமல் கிடந்த மீன்பிடித் தொழிலுக்கு உயிர் வந்தது. உப்பிட்ட ஹெரிங் மீன் பீப்பாய் ஒன்று பாலத்தைக் கடப்பதற்கு மூன்று பேர் பேரம் பேசினார்கள். வெள்ளிக்கிழமை பன்றிக்கறி மணக்கும் வீடு எது என்று ஊரே மோப்பம் பிடித்தது. ஒரு சின்னத் தடை போதும், பத்துப் பேருக்கு வேலை வந்துவிடும்.

குற்றம் நடந்தால் அட்மினைக் கூப்பிடாதீர்கள்

கதைக்குள் நடந்த திருட்டுக்குக் கதைக்குள்ளேயே வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 1285-இன் வின்செஸ்டர் சட்டப்படி, மதில் சூழ்ந்த ஊர்களின் வாயில்கள் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை மூடியிருக்க வேண்டும். குற்றவாளியைப் பார்த்தவன் கூக்குரல் எழுப்ப வேண்டும், கேட்டவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு துரத்த வேண்டும். சந்தை கூடும் ஊர்களுக்கு இடையிலான நெடுஞ்சாலையில் இருபுறமும் 200 அடிக்குப் புதர் வெட்டியிருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, திருடன் ஒளிய இடம் இருக்கக்கூடாதாம். ‘திருடன்! திருடன்!’ என்று ஒருவர் கத்தியதும் ரொட்டிக்காரர் மாவுக் கையோடு ஓடி வருவது, கணினியே ஆட்டுவிக்கும் நாலு காவலர் என்பிசி-கள் வருவதைவிட எவ்வளவோ மேல்.

திருடனுக்கும் வழி இருக்கிறது. தேவாலயத்துக்குள் புகுந்துவிட்டால் 40 நாள் அடைக்கலம். அதற்குள் அவன் விசாரணைக்கு வரச் சம்மதிக்கலாம். இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாட்டைவிட்டே போவதாகச் சத்தியம் செய்து, குறித்துக்கொடுத்த துறைமுகத்துக்கு நடக்கலாம். கொலைகாரனை ஆடுகிறவருக்கு உடனே சிறை, உடனே தூக்கு என்று முடித்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் சப்பென்று ஆகிவிடும். வெளியே ஊரார் காவல், உள்ளே அவன், நடுவில் சாப்பாடு கொண்டுபோகும் பங்குக் குரு. இதையே வாரக்கணக்கில் ஆடலாம்.

யாரைப் பார்த்தாலும் சூனியக்காரி என்று கட்டிவைத்து எரிக்கத் துடிப்பவர்களுக்கு ஒரு சேதி. பெரிய அளவிலான சூனிய வேட்டைகள் பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நீங்கள் இருநூறு வருஷம் முன்னதாகவே சுள்ளி பொறுக்குகிறீர்கள்.

சண்டையும் தோற்பதும்

ஒரு கை வாள் ஒன்றேகால் கிலோ சுமாருக்கு இருக்கும். முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ. எடை உடம்பெங்கும் பரவியிருப்பதால் அதைப் போட்டுக்கொண்டு ஓடலாம், குதிரையேறலாம். கிரேன் வைத்துத் தூக்கினார்கள் என்பது பிற்காலக் கதை. ஆனால் வாளால் அந்தத் தகட்டை வெட்ட முடியாது. அக்குள், கண் துளை, முழங்கை மடிப்பு என்று இடுக்குத் தேட வேண்டும், இல்லையென்றால் கீழே தள்ளிக் குத்துவாளை எடுக்க வேண்டும். இமோட்டில் இது தெரிய வேண்டும். அம்பு பட்டும் அடுத்த நிமிஷம் நடனமாடுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. காயம் பட்டால் குறைந்தது ஒரு வாரம் நொண்டுங்கள்.

பெரிய ஆளைத் தோற்கடித்தால் கொல்லாதீர்கள், விற்றுவிடுங்கள். பணயத்தொகைதான் அக்காலப் போரின் லாபமே. 1356-இல் புவாட்டியே போரில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜானையே இங்கிலீஷ் படை பிடித்துக்கொண்டது. 1360-இல் பேசிய விலை 30 லட்சம் தங்க எக்கியூ. பிணையாக நிறுத்தியிருந்த மகன் தப்பி ஓடியதும், சொன்ன சொல் தவறக்கூடாது என்று அரசர் தானாகவே இங்கிலாந்து திரும்பி 1364-இல் அங்கேயே இறந்தார். பிடிபட்ட பிரபுவாக ஆடுபவர் விருந்தில் எதிரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார், பகடை ஆடுவார், ஊரில் மனைவி பணம் திரட்டுகிறாளா, இல்லை புதுப் புருஷன் தேடுகிறாளா என்று கவலைப்படுவார். செத்துப்போய் மறுபடி ஸ்பான் ஆகி வருவதில் இதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வாட் மாதிரி ஆளுக்கு யாரும் பணயம் கொடுக்கமாட்டார்கள் என்பதால் அவன் சண்டையென்றால் ஆற்றில் குதித்துவிடுவான்.

நிரந்தரச் சாவு வேண்டுமானால் அந்த ஆட்டக்காரரின் சம்மதம் முதலில் வேண்டும். அதில் பேச்சே இல்லை.

வெளியே வருவது

பாத்திரத்தைவிட்டு வெளியே பேச வேண்டியிருந்தால் இரட்டை அடைப்புக்குறிக்குள், ஒரே வரியில், முடிந்தால் தனிச் செய்தியில். எழுந்து போக வேண்டுமானால் அதற்கும் கதைக்குள் ஒரு சாக்கு வைத்திருங்கள். வாட் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான், குறட்டையும் விடுவான். நெட் கட்டாகித் திரும்பினால் ‘முழங்கால் இழுத்துவிட்டது’ என்பான்.

ஆனால் சில விஷயங்களுக்குச் சாக்கு தேடாமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். சித்திரவதை, பாலியல் வன்முறை, குழந்தைகளுக்குக் கொடுமை: இவை எதுவும் முன்பே எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் நடக்கக் கூடாது. ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்பது எதிரில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதரைப் புண்படுத்த உரிமைச் சீட்டாகாது. பாத்திரம் பாத்திரத்தைத் திட்டலாம். திட்டு முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் ‘நல்ல சீன், நன்றி’ என்று ஒரு வரி போடுங்கள். அடிக்கடி மோதும் இரண்டு பேருக்கிடையில் இது ரொம்பவே அவசியம். கணக்குப்பிள்ளையை ஆடுபவரும் நானும் ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு இதைச் செய்கிறோம். அதனால்தான் வாட் இன்னும் வேலையில் இருக்கிறான்.

பாத்திரத்தை உடைக்கிறவர்களிடம் விதி ஒப்பிக்காதீர்கள். முதல் தடவை கதைக்குள்ளிருந்தே பதில் சொல்லுங்கள். பாலத்தில் ஒருவர் குதித்துக்கொண்டே ‘எஃப்பிஎஸ் டிராப் ஆகுதுப்பா’ என்று கணினித் திரை திணறுவதைச் சொன்னால் வாட், ‘காய்ச்சலா உமக்கு? நிழலில் உட்காரும்’ என்பான். பாதிப்பேர் சிரித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்துவிடுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இரண்டாம் தடவை தனிச் செய்தியில் நல்லபடியாகச் சொல்லுங்கள், புதியவராக இருந்தால் ஒரு வேலையும் ஒரு முதலாளியும் பிடித்துக் கொடுங்கள். சும்மா நிற்பவர்தான் குதிப்பார். மூன்றாம் தடவையும் குதித்தால் அட்மினுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டு, அவரிடமும் அரைப் பென்னியைக் கேளுங்கள்.